பின் அக்சிலைத் திறக்காமல் பல்லு எண்ணலாமோ?

2025 ஆடி 6 – மல்லாவியிலிருந்து கேள்வி

என்னட்ட ஒரு மொறிஸ் மைனர் 1000 நிக்குது. 1098 சீசீ எஞ்சின். கைநூலில பின் அக்சில் விகிதம் 4.22 எண்டு கிடக்கு. ஆனால் மாங்குளம் தாண்டி ஏ9 நேர் றோட்டில போகேக்க எஞ்சின் தேவையில்லாமல் கத்துது. மைல் மீற்றர் 45 காட்டேக்க போனில 67 கிலோமீற்றர்தான் காட்டுது. கராஜில கேட்டால், டிபரன்சலை (பின் அக்சிலின்ர நடுவில இருக்கிற பல்லுப் பெட்டியை) இறக்கித் திறந்து பல்லு எண்ணித்தான் சொல்லலாமாம். கூலியைக் கேட்டு வாயடைச்சுப் போனன். வீட்டில வைச்சு, திறக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கோ?

ஆடி 6, இரவு

இருக்கு. ஒரு ஜக், ஒரு வெண்கட்டி, எண்ணேக்க கதைக்காத ஒரு ஆள்.

கராஜ்காரர் சொன்னது பொய்யில்லை. டிபரன்சலுக்குள்ள ரெண்டு பல்லுச்சக்கரம்: சின்னது பினியன், அது சுத்துற பெரியது கிரவுண் வீல். கிரவுண் வீலின்ர பல்லை பினியன் பல்லால பிரிச்சால் வாறதுதான் விகிதம். கிரவுண் 38, பினியன் 9 எண்டால் 4.22. ஆனால் பல்லைக் கண்ணால காணத் தேவையில்லை. பினியன் சுத்துற சுத்துத்தான், கியர்பொக்ஸிலிருந்து பின்னுக்கு வாற நீட்டுத் தண்டு, புறொப்பெல்லர் சாப்ற், சுத்துற சுத்து. அது வெளியில தெரியுது. சில்லும் வெளியில நிக்குது. ரெண்டையும் எண்ணினால் காணும்.

காரை மட்டமான நிலத்தில விடுங்கோ. முன் சில்லு ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை. ஹான்ட் பிரேக் பிடிக்கிறது பின் சில்லை, அதை எடுத்துவிட்டால்தான் வேலை நடக்கும். அப்ப காரைப் பிடிச்சு நிக்கப்போறது அந்தக் கட்டையள் மட்டும்தான். கியர் நியூற்றலில. பின் சில்லில ஒண்டை மட்டும் தூக்குங்கோ, மற்றது நிலத்திலயே நிக்கட்டும். தூக்கின பக்கம் அக்சிலுக்குக் கீழ பாலைக் கட்டை. சீமெந்துக் கல்லு வைக்கிறது எங்கட ஆக்களின்ர பழக்கம், அதை விடுங்கோ. அது பாரத்தில முன்னறிவித்தல் இல்லாமல் வெடிக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போறவரோட எனக்குக் கதையில்லை.

ரயரில ஒரு கோடு, அதுக்கு நேரே நிலத்தில ஒரு தடி. சாப்ற்றின்ர பின் நுனித் தட்டில (பிளாஞ்ச்) ஒரு கோடு, அதுக்கு நேரே டிபரன்சல் பெட்டியில ஒரு கோடு. ஒருத்தர் சில்லைச் சுத்த, மற்றவர் சாப்ற்றை எண்ண வேணும். சில்லை 20 தரம் சுத்தி, சாப்ற் சுத்தினதை 10 ஆல பிரியுங்கோ. சாப்ற் 42 சுத்தும் கொஞ்சமும் எண்டால் உங்கட அக்சில் 4.22. 45 அரை எண்டால் 4.55, பழைய 948 சீசீ மைனருக்கு வந்த அக்சில். என்ர சந்தேகம் ரெண்டாவதில.

ஆடி 7, காலமை

20 தரம் சுத்திப்போட்டு ஏன் 10 ஆல பிரிக்கிறது எண்டு கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கினம்.

சில்லு ரெண்டும் சேர்ந்து ஒரு சுத்துச் சுத்தினால் கிரவுண் ஒரு சுத்து. ஒண்டை நிலத்தில நிப்பாட்டி மற்றதை மட்டும் சுத்தினால் கிரவுண் அரைச் சுத்துத்தான் போகும். டிபரன்சலின்ர தொழிலே அதுதானே, ரெண்டு சில்லின்ர கூட்டுத்தொகையில பாதி கிரவுணுக்கு. அதால ஒரு சில்லில 20 எண்டால் கிரவுணில 10. சாப்ற்றின்ர எண்ணிக்கையை 10 ஆல பிரிச்சால் விகிதம் வந்துடும்.

அப்ப ரெண்டு சில்லையும் தூக்கினால் என்ன? தூக்கலாம், ஆனால் தலையிடி. ஒரு பக்கத்தைச் சுத்த மற்றப் பக்கம் எதிர்ப்பக்கமாச் சுத்தும், சாப்ற் அசையாமல் நிக்கும். கொஞ்சம் இறுக்கமான பேரிங் எண்டால் அரைகுறையா அங்கயும் இங்கயும் சுத்தும். ரெண்டு பேர் ரெண்டு சில்லையும் ஒரே அளவாச் சுத்த வேணும். எங்கட வீட்டில ரெண்டு பேர் ஒரே அளவா ஒரு வேலை செய்து நான் காணேல்லை.

லொக் போட்ட டிபரன்சல், வழுக்கல் குறைச்ச டிபரன்சல் உள்ள பிக்கப்புகளுக்கு இந்த அரைவாசிக் கணக்குச் சரிவராது. ஒரு சில்லு நிலத்தில நிக்க மற்றது கையால சுத்தவே மாட்டுது எண்டால் அந்த வகை எண்டு யோசியுங்கோ. அதுக்கு ரெண்டையும் தூக்கி, சேர்த்துச் சுத்தி, 10 சுத்துக்கு எண்ணினால் காணும்.

ஆடி 9

மீற்றர் விசயத்தைப் பற்றி. விசுவமடுவிலிருந்து ஒருத்தர், “மீற்றர் கூடக் காட்டுறதே சாட்சி, இனி என்னத்துக்கு ஜக்” எண்டு எழுதியிருக்கிறார். சாட்சி எண்டு சொல்ல மாட்டன். துப்பு எண்டு சொல்லலாம்.

மைனரில மீற்றர் வயர் கியர்பொக்ஸின்ர பின்பக்கத்தால வருது. அக்சிலுக்கு முன்னால சுத்துறதைத்தான் அது அறியும், பின்னால எத்தனை பல்லு எண்டு அதுக்குத் தெரியாது. 4.22 க்கெண்டு செய்த மீற்றரோட 4.55 அக்சில் நிண்டால் உண்மை வேகம் 0.93 பங்குதான். 45 மைல் எண்டால் 72.4 கிலோமீற்றர், அதில 0.93 பங்கு 67. மல்லாவித் தம்பியின்ர போன் காட்டுறதும் 67. கணக்கு அச்சொட்டாப் பொருந்துது, அதுதான் எனக்குப் பயமாயிருக்கு. ஏனெண்டால் பழைய மீற்றர்கள் தன்பாட்டிலயே நூற்றுக்கு அஞ்சு, ஆறு கூடக் காட்டுறதுகள். தற்செயலாவும் பொருந்தலாம்.

ரயர் மாத்தின கதையும் இருக்கு. 14 அங்குல றிம்மில 145/80 ரயர் எண்டால் சுத்தளவு 1.85 மீற்றர் அளவில. அதைக் கழட்டி 13 அங்குல றிம்மும் 155/80 உம் போட்டால் 1.82. வித்தியாசம் நூற்றுக்கு ரெண்டும் இல்லை. அதால மட்டும் நூற்றுக்கு 7 வித்தியாசம் வராது.

எஞ்சின் கத்துறதை வைச்சும் முடிவெடுக்காதேங்கோ. இப்ப சோளகக் காலம், தென்மேல் காத்து. வவுனியாப் பக்கமாப் போகேக்க முகத்துக்கு நேரே காத்து, கிளிநொச்சிப் பக்கமா வரேக்க முதுகில. ஒரே காரை ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாத்தவனுக்கு ரெண்டு கார் மாதிரி இருக்கும்.

ஆடி 9, பிறகு

படுத்தாப் பிறகு வந்த யோசினை. 20 சுத்தை விட நல்ல வழி ஒண்டு இருக்கு: எண்ணிக்கையை முதலே தீர்மானிக்காதேங்கோ. ரயர்க் கோடும் சாப்ற்றுக் கோடும் ரெண்டும் ஒரே நேரத்தில தங்கட தங்கட அடையாளத்துக்குத் திரும்பி வாற வரைக்கும் சுத்திக்கொண்டே இருங்கோ.

காரணம்: கிரவுண் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் பொதுவான காரணி இல்லாத மாதிரித்தான் செய்யிறவை. 41க்கு 9, 38க்கு 9, 39க்கு 10. அப்பதான் பினியனின்ர ஒரு பல்லு கிரவுணின்ர எல்லாப் பல்லோடயும் மாறி மாறிப் பொருதும், தேய்மானம் ஒரு இடத்தில விழாது. 40க்கு 10 எண்டு செய்தால் ஒரே பல்லு ஒரே பல்லோடதான் காலம் முழுக்க. அதால ரெண்டு கோடும் சேர்ந்து வாற இடத்தில பல்லுக் கணக்கே கையில வந்துடும். 4.55 ஓ 4.5 ஓ எண்டு தசமத்தோட மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஒரு பக்கமாவே சுத்துங்கோ. இடையில பின்னுக்குத் திருப்பினால் பல்லிடைவெளி எண்ணிக்கைக்குள்ள புகுந்துடும். பழைய அக்சிலில அது சாப்ற்றிலயே விரல் கணக்கில ஆடும்.

ஆடி 12 – மல்லாவி மறுமொழி

நானும் மச்சானும் பாத்தம். ரயர் 18 சுத்து, சாப்ற் 41 சுத்து, ரெண்டு கோடும் தலைமயிர் பிசகாமல் வந்து நிண்டது. திரும்பவும் செய்தம், அதே கணக்கு. 18இல பாதி 9. அப்ப 41க்கு 9, 4.55. 1098 எஞ்சினுக்குப் பின்னால 948இன்ர அக்சில். கார் வித்தவர் எல்லாம் கொம்பனி போட்டபடி எண்டு சத்தியம் பண்ணினவர்.

ஆடி 13

வித்தவரைத் திட்டாதேங்கோ. அவருக்கும் தெரிஞ்சிராது. எங்கட பக்கம் பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் இருக்கு, சேசிஸ் நம்பர் இருக்கு. பின் அக்சிலுக்கு நம்பர் இல்லை. ஆரும் கேக்கமாட்டினம். வன்னியில ஓடின பழைய காரில எது எதின்ரது எண்டு எழுதிவைச்ச புத்தகம் கிடையாது.

பொருளாதாரத் தடைக் காலத்தை நினைச்சுப் பாருங்கோ. உதிரிப்பாகம் ஓமந்தை தாண்டி வராது. பெற்றோல் சின்னப் போத்தலில, மருந்து மாதிரி. அதில துளி காபரேற்றருக்குள்ள விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில ஓடினது. ஒஸ்ரின் கேம்பிறிஜ், சோமசெற், மைனர் எல்லாம் அந்த வெள்ளைப் புகையோடதான் திரிஞ்சதுகள். ஒரு கார் நிண்டுபோனால் அதின்ர அக்சில் அடுத்த காருக்குப் போகும், கதவு மூண்டாவது காருக்கு. மாமாவின்ர கராஜில சாவி எடுத்துக் குடுக்கிற வேலை எனக்கு. எந்தக் காரின்ர டிபரன்சல் எந்தக் காருக்குள்ள போனது எண்டு மாமா ஒரு நாளும் எழுதினதில்லை.

அதோட 4.55 வேணுமெண்டே போட்டிருக்கவும் கூடும். மண்ணெண்ணெய் பாரம் இழுக்கேக்க தட்டும், டொக் டொக் எண்டு. எஞ்சின் கூடச் சுத்தி, ஒவ்வொரு சுத்திலயும் குறைய இழுக்கிற அக்சில் எண்டால் தட்டல் குறையும். ஆறு பேரும் ரெண்டு மூட்டை நெல்லும் ஏத்தி, குண்டும் குழியுமான றோட்டில அக்கராயனிலிருந்து வாற காருக்கு 4.22 ஐ விட 4.55 நல்லம். அதைச் செய்தவர் கைநூலைப் பாத்துச் செய்திருக்க மாட்டார், காதால கேட்டுச் செய்திருப்பார்.

ஆடி 15

வவுனியாவிலிருந்து ஒருத்தர் கோபமா எழுதியிருக்கிறார். ரயர் 9 சுத்து, சாப்ற் 19 சுத்து, ரெண்டு கோடும் சேர்ந்திட்டுதாம். “19ஐ 9ஆல பிரிச்சால் 2.11. என்ர மைனர் என்ன பந்தயக் காரோ?”

ஐயா, ஒரு சில்லு நிலத்தில நிக்குது. ரயர் 9 எண்டால் கிரவுண் நாலரைதான். 19ஐ நாலரையால பிரியுங்கோ, 4.22. உங்கட அக்சில் 38க்கு 9, கைநூலில உள்ளபடி. 38 இரட்டை எண்ணெண்டபடியால் பாதி வழியிலயே கோடு ரெண்டும் சேர்ந்திட்டுது. 41 ஒற்றை, அதால மல்லாவிக்கு 18 வரைக்கும் போகவேண்டி வந்தது. 18 வரைக்கும் சுத்தியிருந்தால் உங்களுக்கும் 38 வந்திருக்கும், கோபமும் வந்திராது.

சுருக்கமா: ஒரு சில்லு முறையில சாப்ற் எண்ணிக்கையை ரயர் எண்ணிக்கையால பிரிச்சுப்போட்டு ரெண்டால பெருக்குங்கோ. எங்க நிப்பாட்டினாலும் அது பிழைக்காது.

ஆடி 20

ஜக்கே வேண்டாம் எண்டுறவைக்கு. இடுப்பு நோவோட காருக்குக் கீழ போகேலாதவை கூடப் பேர் இருக்கினம் போல, எனக்கும் இப்ப அந்த வயசுதான்.

பிளக் நாலையும் கழட்டுங்கோ. சாவி அணைச்சபடி இருக்கட்டும். நாலாம் கியர் போடுங்கோ. மைனரில நாலாம் கியர் நேரடி, அதாவது எஞ்சின் ஒரு சுத்து எண்டால் சாப்ற்றும் ஒரு சுத்து. பொனற்றைத் திறந்து, கிராங்கில உள்ள கீழ்ப் புல்லியில ஒரு கோடு. விசிறியைப் பாக்காதேங்கோ, அது பெல்ற்றில ஓடுறது, கணக்கு வேற. இனி ரெண்டு பெடியள் மெதுவாத் தள்ள, ரயர்க் கோடு 9 தரம் நிலத்தைத் தொடும் வரைக்கும் நீங்கள் புல்லியை எண்ணுங்கோ. கிட்டத்தட்ட 17 மீற்றர் இடம் வேணும். ரெண்டு சில்லும் சேர்ந்து போறபடியால் அரைவாசிக் கணக்கு இல்லை. 38 எண்டால் 4.22, 41 எண்டால் 4.55. கார் நேரா மட்டும் போகவேணும், வளைச்சால் ஒரு சில்லு கூட ஓடும்.

அஞ்சு கியர் உள்ள பின்சில்லு இழுவை வாகனங்களில அனேகமா நாலாவதுதான் நேரடி, அஞ்சாவது இல்லை. ஓட்டோ கியர் வாகனத்தில இந்த வேலைக்குப் போகாதேங்கோ.

ஆடி 20, பின்னேரம்

நாதஸ்வரக்காரர் ஒருத்தர் தனியாக் கேட்டது, எல்லாருக்கும் எழுதிறன். காதால விகிதம் பிடிக்கலாமோ?

பிடிக்கலாம், சுருதி சொல்லுற போன் செயலி இருந்தால். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் வெடிக்கும். 1.83 மீற்றர் சுத்தளவு ரயரோட மணிக்கு 60 கிலோமீற்றரில நாலாம் கியரில போனால், 4.22 அக்சிலில எஞ்சின் நிமிசத்துக்கு 2300 சுத்து, வெடிப்பு செக்கனுக்கு 77. 4.55 எண்டால் 2490 சுத்து, 83 வெடிப்பு. இடைவெளி அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் மேல. உங்கட காதுக்கு இது விளையாட்டு. எனக்கு ஜக்தான். வேகத்தை மீற்றரில பாக்காமல் போனில பாருங்கோ, இல்லாட்டி நாய் தன்ர வாலைத் துரத்தின கதைதான்.

ஆவணி 2

மல்லாவித் தம்பி இப்ப அடுத்த படிக்குப் போயிட்டார்: 3.9 போட்டால் பெற்றோல் மிச்சமாமோ?

இந்தக் கேள்வி ஊரில கிளம்பினது 2022இல, கியூஆர் கோட்டில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த நேரம். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோட இருக்கிற பழசைப் பேணத்தான் வேணும் எண்டு வந்திட்டுது. இந்த வருசம் மாசியில திறந்துவிட்டும் விலை தொடேலாது. அதால கேள்வியில நியாயம் இருக்கு.

பொருந்துமோ எண்டால் பொருந்தும். மைனர், ஒஸ்ரின் கீலி ஸ்பிறைற், எம்ஜி மிட்ஜெற் எல்லாத்திலயும் நடு டிபரன்சல் ஒரே குடும்பம். பிந்தின மிட்ஜெற்றில 39க்கு 10, அதாவது 3.9 வந்தது. அரை அக்சில் ரெண்டையும் வெளியால இழுத்து, டிபரன்சலை முன்பக்கத்தால முழுசாக் கழட்டி மற்றதைப் போடலாம்.

போடுவனோ எண்டால், நான் போடமாட்டன். 4.55 இலிருந்து 3.9 எண்டால் எஞ்சின் சுத்து நூற்றுக்கு 14 குறையும், ஆனால் பெற்றோல் நூற்றுக்கு 14 குறையாது. காத்தைப் பிளக்கிற வேலை எந்தக் கியரிலயும் அதே வேலைதான். சோளகத்தில நாலு பேரோட வவுனியாப் பக்கமாப் போகேக்க நாலாம் கியர் இழுக்காது, மூண்டுக்கு இறங்குவியள், மிச்சம் பிடிச்சது அங்க போயிடும். புதுக்குடியிருப்புப் பக்கம் உள் றோட்டுகளில நாலாம் கியர் போடுறதே அருமை. ஏ9இல மட்டும் ஓடுற கார் எண்டால் 4.22 தேடுங்கோ. மீற்றரும் தன்பாட்டில சரியாகும். ஊருக்குள்ள நெல்லும் சனமும் ஏத்திற கார் எண்டால் இருக்கிறதை விடுங்கோ.

ஆவணி 3

விட்டுப்போனது ஒண்டு. கிரவுணும் பினியனும் சோடியாத்தான் வாங்கவேணும். தொழிற்சாலையில ரெண்டையும் ஒண்டோடொண்டு அரைச்சுப் பொருத்தி, ரெண்டிலயும் ஒரே சோடி நம்பர் கீறிவிடுவினம். ஒரு காரின்ர கிரவுணுக்கு வேற காரின்ர பினியன், பல்லு எண்ணிக்கை சரியா இருந்தாலும், ஊளையிடும். கொஞ்ச நாளில பல்லும் போகும். “பினியன் மட்டும் இருக்கு, மலிவாத் தாறன்” எண்டுறவரிட்ட கும்பிடு போட்டுட்டு வாங்கோ.

ஆவணி 10

லாண்ட்மாஸ்டருக்கு (ரெண்டு சில்லு உழவு மிசினுக்கு) எப்பிடி எண்ணுறது எண்டு தருமபுரத்திலிருந்து கேள்வி. பகிடியோ உண்மையோ தெரியேல்லை, ரெண்டுக்கும் ஒரே பதில். அதில டிபரன்சலே இல்லை. திருப்பிறதுக்குக் கைப்பிடியில ரெண்டு பக்கமும் கிளச் இருக்கு, பிடிச்ச பக்கச் சில்லு விடுபடும். ரெண்டு சில்லும் ஒரே அச்சு மாதிரித்தான் சுத்தும். விகிதம் அறிஞ்சு என்ன செய்யப்போறியள், பெல்ற்றை இறுக்குங்கோ.

டொல்பின் வான்காரர் கேட்டது, தகட்டைப் பாத்து விகிதம் அறியலாமோ எண்டு. வானின்ர தகட்டில அக்சிலுக்கு ஒரு குறியீடு இருக்கும், எழுத்தும் இலக்கமும் சேர்ந்தது. அது விகிதம் இல்லை, விகிதத்துக்கான குறியீடு, பட்டியலைப் பாத்துத்தான் அறியவேணும். தகடு சொல்லுறது தொழிற்சாலையில போட்டதை. அதுக்குப் பிறகு வானுக்கு என்ன நடந்தது எண்டு தகட்டுக்குத் தெரியாது. சாப்ற் ரெண்டு துண்டா இருந்தாலும் எண்ணிறது அதேதான், பின் துண்டைப் பாருங்கோ.

ஆவணி 24

நெடுங்கேணியிலிருந்து லாண்ட் றோவர்க்காரர். பழைய சீரிஸ் வண்டி. பின்னால ஒரு சில்லு 20 சுத்த சாப்ற் 47. சரி, அது 4.7, அந்த வண்டிக்கு உரியது. நாலு சில்லு இழுவை போட்டு தார் றோட்டில போனால் வண்டி இறுகுது, கியர் கழட்ட ஏலாமல் நிக்குது எண்டுறார்.

தாரில நாலு சில்லு இழுவை போட்டால் எந்த சீரிஸ் வண்டியும் கொஞ்சம் இறுகும், அது வழமை. ஆனால் அஞ்சாறு மீற்றரிலயே இறுகுது எண்டால் முன் அக்சிலையும் எண்ணுங்கோ. றேஞ்ச் றோவரின்ர 3.54 டிபரன்சலை ஒரு அக்சிலுக்கு மட்டும் போட்ட வண்டியள் இருக்கு, அது 46க்கு 13. அப்பிடியெண்டால் முன்னால ஒரு சில்லு 13 சுத்த சாப்ற் 23இல கோடு ரெண்டும் சேரும். 20க்கு 47 வந்தால் முன்னும் பின்னும் ஒண்டு, வருத்தம் வேற இடத்தில.

எண்ண முதல் முன் ஹப்பைப் பாருங்கோ. கையால திருப்பிப் பூட்டுற வகை போட்டிருந்தால் பூட்டிப்போட்டுச் சுத்துங்கோ. பூட்டாட்டில் சில்லு மட்டும் சுத்தும், சாப்ற் அசையாது. நாலு சில்லு லீவரை ரெண்டு சில்லில விடுங்கோ. இந்த முறை கட்டை பின் சில்லுக்கு, ஹான்ட் பிரேக்கும் போடுங்கோ. அந்த வண்டியில அது பின் சாப்ற்றைத்தான் பிடிக்கும், முன்னால எண்ண இடைஞ்சல் இல்லை.